உலோகச் சோர்வு: சிறு கீறலில் தொடங்கும் பெரும் விபத்துகள்

காட்டுப்பள்ளி, கும்மிடிப்பூண்டி தொழிற்பகுதித் தொழிலாளர்களுக்கும், எலும்பு முறிவுக்காக உடலில் உலோகத் தகடு பொருத்தப்பட்டவர்களுக்கும் உரிய விளக்கம்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர், பாரம் தூக்கும்போது கொக்கி முறிந்து கை நசுங்கிய தொழிலாளர் ஒருவர் சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டார். உடன் வந்த சக தொழிலாளர், முறிந்த கொக்கியின் ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "டாக்டர், இன்னிக்குத் தூக்குன பாரம் ரொம்பக் கம்மி. நேத்து இதைவிட அதிகமாத் தூக்கினோம், ஒண்ணும் ஆகலை" என்று அவர் மீண்டும் மீண்டும் கூறினார்.

அத்துண்டின் முறிந்த முகம் இரு நிறங்களில் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட பகுதி துருவேறிப் பழுப்பாகவும் வழவழப்பாகவும் காணப்பட்டது. எஞ்சிய பகுதி சொரசொரப்பாக, புதிதாக உடைந்த இரும்புக்குரிய சாம்பல் நிறத்தில் பளபளத்தது. பழுப்பு நிறப் பகுதி அன்று உடைந்ததன்று. துருவேறும் அளவுக்கு நீண்ட காலமாக அது பிளந்தே இருந்திருக்கிறது. எஞ்சியிருந்த சிறு பகுதியே அதுவரை பாரத்தைத் தாங்கி வந்தது. அன்று அதுவும் முறிந்தது.

இவ்வகை முறிவுக்கு உலோகச் சோர்வு என்பது பெயர். சுழலும் தண்டு, தூக்கும் கொக்கி, அதிரும் குழாய், பற்றவைத்த சட்டம் எனத் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்கும் பாகங்கள் முறிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகும். எதிர்பாராத விபத்து எனக் கூறப்படும் பல நிகழ்வுகள், உலோகத்தினுள் வெகுநாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே அவற்றை முன்கூட்டியே கண்டறியவும் இயலும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலோகச் சோர்வு என்றால் என்ன?

மெல்லிய கட்டுக்கம்பி ஒன்றை இரு கைகளாலும் இழுத்து அறுப்பது கடினம். அதே கம்பியை ஓரிடத்தில் முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் எளிதில் அறுந்துவிடுகிறது. ஒருமுறை ஏற்றும் பாரத்தைத் தாங்கும் வலிமை வேறு. மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் பாரத்தைத் தாங்கும் வலிமை வேறு. பின்னதையே சோர்வு வலிமை என்கிறோம். கம்பி வளைவதைக் கண்ணால் காண முடிகிறது. இயந்திர பாகங்களிலோ, வெளியே எந்த வளைவும் தெரியாத அளவிலான பாரமே போதுமானது. எண்ணிக்கை கூடக்கூட உள்ளே விரிசல் வளர்கிறது.

இவ்வுண்மையை உலகம் விலை கொடுத்தே கற்றது. 1842 மே 8 அன்று பிரான்சு நாட்டின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன் மீது ஒன்று மோதித் தீப்பற்றின. 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்னும் ஆய்வு முனைப்புப் பெற்றது. செருமானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைச் சுழற்றி வளைக்கும் சோதனைகளைப் பல ஆண்டுகள் நடத்தி, 1860களில் இரண்டு முடிவுகளை நிறுவினார். முதலாவது, உலோகத்தின் இழுவலிமையைவிட மிகக் குறைந்த பாரமும் போதிய முறை திரும்ப ஏற்றப்பட்டால் முறிவை உண்டாக்கும். இரண்டாவது, எஃகைப் பொறுத்தவரை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே பாரம் இருந்தால், எத்தனை முறை ஏற்றினாலும் முறிவு நேராது. இவ்வெல்லையைச் சோர்வு எல்லை என்பர்.

"எத்தனை முறை" என்பது மிகப் பெரிய எண்ணாகத் தோன்றலாம். பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் மின்மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 முறை சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் இது 86,400 சுழற்சிகள் ஆகும். இடைவிடாது ஓடினால் ஐந்து நாட்களுக்குள் ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுழற்சியிலும் தண்டின் மேற்பரப்பு ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 200 முறை பாரம் தூக்கும் கிரேன் கொக்கி, 300 வேலை நாட்களில் 60,000 முறை இழுபடுகிறது. ஆகவே சோர்வு என்பது மிகப் பழைய இயந்திரங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஆகாது.

வெட்டும் கீறலும் என்ன செய்கின்றன?

துணிக்கடையில் துணி கிழிக்கும் முறையை அனைவரும் கண்டிருப்போம். கடைக்காரர் விளிம்பில் கத்தரிக்கோலால் சிறிதளவு வெட்டிவிட்டுப் பின் இரு கைகளாலும் இழுக்கிறார். வெட்டாத துணியை எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. ஒரு விரற்கடை வெட்டு இருந்தால் நேர்கோட்டில் கிழிந்துவிடும். அச்சிறு வெட்டினால் துணியின் அகலம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. இழுக்கும் விசை முழுவதும் அவ்வெட்டின் முனையில் ஒருங்குகூடுவதே காரணம்.

உலோகத்திலும் இதுவே நிகழ்கிறது. பாகத்தின் ஒரு சிறு பரப்பு தாங்கும் விசையைத் தகைவு என்கிறோம். சீரான தண்டில் தகைவு சீராகப் பரவியிருக்கும். துளை, வெட்டு, கீறல், கூர்மையான மூலை போன்றவை குறுக்கிட்டால், ஆற்று நீர் பாலத்தூணைச் சுற்றி நெருக்கியடித்து விரைவதைப் போல, தகைவு அவற்றின் ஓரத்தில் செறிவடைகிறது. அகன்ற தகடு ஒன்றில் வட்டமான சிறு துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. துளை எவ்வளவு சிறியதாயினும் இந்த மூன்று மடங்கு மாறுவதில்லை.

வட்டமாக இல்லாமல், இழுவிசைக்குக் குறுக்காக நீண்ட வடிவில் இருந்தால் நிலைமை மேலும் மோசமாகும். இதனைக் கணித்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் சார்லஸ் இங்கிலிஸ். கப்பல்களின் எஃகுத் தகடுகளில் விரிசல் ஏன் திறப்புகளின் மூலைகளிலிருந்து தொடங்குகிறது என்னும் வினாவுக்கு விடையாக 1913ஆம் ஆண்டு அவர் தம் ஆய்வை வெளியிட்டார். அவரது கணக்கின்படி, அகலத்தைப் போல் ஐந்து மடங்கு நீளமுள்ள நீள்வட்டத் துளையின் முனையில் தகைவு 11 மடங்காகிறது. முனை கூர்மையாகும் அளவுக்கு இப்பெருக்கம் கூடிக்கொண்டே செல்லும். விரிசலின் முனையைவிடக் கூர்மையானது வேறில்லை. எனவே ஒருமுறை விரிசல் தோன்றிவிட்டால், அதுவே தன் வளர்ச்சிக்கான விசையைத் தன் முனையில் திரட்டிக்கொள்கிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கீறலின் திசை முக்கியமானது. பாரம் இழுக்கும் திசைக்கு இணையாக அமைந்த கீறலைவிட, குறுக்காக அமைந்த கீறல் மிகவும் ஆபத்தானது. சிறு குறைபாடுகளின் விளைவை நெடுங்காலம் ஆராய்ந்த சப்பானிய அறிஞர் யுகிதாகா முரகாமி, விசையின் திசைக்குக் குறுக்கே குறைபாடு மறைக்கும் பரப்பளவே முறிவு வலிமையைத் தீர்மானிக்கிறது எனக் காட்டினார்.

இரண்டாவது, மேற்பரப்பே முதல் பலவீனம். வளையும் பாகத்திலும் முறுக்கப்படும் பாகத்திலும் தகைவு மேற்பரப்பில்தான் உச்சமாக இருக்கும். ஆகவே நன்கு மெருகிடப்பட்ட தண்டைவிடச் சொரசொரப்பான தண்டின் சோர்வு வலிமை குறைவு.

மூன்றாவது, கடினமான எஃகு எப்போதும் பாதுகாப்பானதன்று. உயர்வலிமை எஃகு வெட்டுகளால் அதிகம் பாதிக்கப்படுகிறது. பற்றவைத்த இணைப்புகளில், எஃகின் தரத்தை உயர்த்துவதால் சோர்வு வலிமை ஏறத்தாழக் கூடுவதே இல்லை. பற்றவைப்பின் ஓரத்தில் நுண்ணிய குறைபாடுகள் முன்பே இருப்பதால், விரிசல் தொடங்குவதற்கான காலம் அங்கே மிச்சமாவதில்லை. இத்தகைய இணைப்பில் தகைவு இரு மடங்கானால், ஆயுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அனுமதிக்கப்பட்ட பாரத்துக்கு மேல் ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லை எனக் கருதும் ஒவ்வொரு முறையும், அப்பாகத்தின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாமல் குறைகிறது.

குறைபாடுகள் எங்கிருந்து வருகின்றன?

உற்பத்தியின்போது: வார்ப்பில் சிக்கிய காற்றுக் குமிழிகள், உருக்கில் கலந்த கசடு, உருட்டும்போது உண்டாகும் மடிப்பு ஆகியன உள்ளேயும் மேற்பரப்பிலும் தங்கிவிடுகின்றன. வார்ப்பகங்களும் எஃகு உருட்டாலைகளும் இயங்கும் கும்மிடிப்பூண்டிப் பகுதியில், தரப் பரிசோதனைக்குச் செலவிடும் சில நிமிடங்கள் தொலைவில் உள்ள யாரோ ஒருவரின் உயிரைக் காக்கின்றன.

வடிவமைப்பிலும் கடைசலிலும்: தண்டின் விட்டம் மாறுமிடத்தில் மூலையை வளைவாக விடாமல் செங்குத்தாக வெட்டுதல், சாவிக்காடியின் அடிமூலை கூர்மையாக அமைதல், துளையின் ஓரத்தில் பிசிறு நிற்றல்.

பற்றவைப்பின்போது: ஓரத்தில் குழிவு, உட்புகாத பற்றவைப்பு, மேடுபள்ளமான முடிவு, தெறித்து ஒட்டிய துளிகள். மின்பொறியைச் சரிபார்ப்பதற்காகப் பற்றவைப்புக் குச்சியை வேலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தட்டுவது பலருக்கும் பழக்கம். தட்டிய இடத்தில் உலோகம் திடீரெனச் சூடேறிக் குளிர்ந்து, நொறுங்கும் தன்மையுள்ள சிறு புள்ளியாகிறது. அதுவும் விரிசலின் தொடக்கமாகலாம்.

பயன்பாட்டிலும் பழுதுபார்ப்பிலும்: உளியால் எண் பொறித்தல், குழாய்ச்சாவியின் பல் தடம், சங்கிலி உராய்ந்த பள்ளம், வாயுவால் வெட்டிய கரடுமுரடான விளிம்பு, வளைந்த கொக்கியைச் சூடேற்றி நிமிர்த்தல் ஆகியவை பாகத்தின் ஆயுளைக் குறைப்பவை.

கடற்காற்றும் உப்பும்

காட்டுப்பள்ளி, வங்கக் கடலுக்கும் பழவேற்காட்டு நீர்ப்பரப்புக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் இடையே அமைந்த பகுதி. துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், அருகிலேயே அனல்மின் நிலையம் என இங்குள்ள எஃகு அனைத்தும் உப்புக் காற்றிலேயே நிற்கிறது. துரு, உலோகத்தின் தடிமனைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மேற்பரப்பில் சிறு குழிகளைத் தோண்டுகிறது; ஒவ்வொரு குழியும் ஒரு வெட்டாகச் செயல்படுகிறது. மேலும், உப்புநீர் படும் எஃகுக்கு வோலர் கண்ட சோர்வு எல்லை பொருந்துவதில்லை. உலர்ந்த காற்றில் என்றும் முறியாத பாரமும், உப்புநீரில் காலப்போக்கில் முறிவை உண்டாக்கும். இதனை அரிப்புச் சோர்வு என்பர்.

கடற்காற்று எஃகை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அனைவரும் அறிந்த சான்று, 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம். கப்பல்களுக்கு வழிவிட உயரும் அதன் தூக்குப் பகுதியில் 2018 டிசம்பரில் விரிசல் கண்டறியப்பட்டு ரயில்கள் நிறுத்தப்பட்டன. பழுது நீக்கிய பின் 2019இல் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. 2022 டிசம்பரில், அரிப்பினால் அப்பகுதி மேலும் வலுவிழந்தது தெரியவந்ததும் ரயில் போக்குவரத்து அறவே நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரு முறையும் ரயில்கள் நின்றதால் பயணிகளுக்குச் சிரமம் நேர்ந்தது உண்மையே. ஆயினும் குறைபாடு முறிவாக மாறும் முன் பார்க்கப்பட்டது. பார்த்ததும் வேலை நிறுத்தப்பட்டது.

ஆறு மில்லிமீட்டர் பற்றவைப்பும் 123 உயிர்களும்

பார்க்கத் தவறினால் என்ன நிகழும் என்பதற்கு நார்வே நாட்டின் நிகழ்வு சான்றாகும். கடல்சார் கட்டமைப்புகள் உருவாக்கப்படும் காட்டுப்பள்ளி போன்ற இடத்தில் பணிபுரிவோர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

அலெக்சாண்டர் கீலாண்ட் என்பது வடகடலில் எண்ணெய்த் தொழிலாளர்கள் தங்குமிடமாகப் பயன்பட்ட மிதக்கும் மேடை. ஐந்து பெரும் தூண்களின் மேல் நின்றது. 1980 மார்ச் 27 மாலை, புயற்காற்றின்போது அதன் தூண் ஒன்று தனியே பிய்ந்து சென்றது. மேடை சாய்ந்து, அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. மேடையில் இருந்த 212 பேரில் 123 பேர் உயிரிழந்தனர்.

அத்தூணை மேடையுடன் பிணைத்திருந்த குழாய்ச் சட்டங்களுள் ஒன்றில் சோர்வு விரிசல் வளர்ந்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஒலியுணர் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக அச்சட்டத்தில் சிறிய தாங்கி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. மேடையின் பாரத்தைத் தாங்கும் பணி அத்தாங்கிக்கு இல்லை. எனவே அதைப் பற்றவைத்த 6 மில்லிமீட்டர் பற்றவைப்பு முக்கியமானதாகக் கருதப்படவில்லை. அதன் வடிவம் சீராக இல்லை. அங்கிருந்தே விரிசல் தொடங்கி, அலைகளின் ஒவ்வொரு தாக்குதலிலும் வளர்ந்து, சட்டத்தைச் சுற்றிப் பரவியது. அந்தச் சட்டம் முறிந்ததும் எஞ்சிய ஐந்து சட்டங்களும் மிகைப்பாரத்தால் அடுத்தடுத்து முறிந்தன. தொடக்க விரிசலின் முகத்தில் வண்ணப்பூச்சின் தடம் காணப்பட்டது. அதாவது, கட்டுமானத் தளத்தில் வண்ணம் பூசும் முன்பே விரிசல் அங்கே இருந்தது.

பாரம் தாங்காத சிறு துணைப்பாகமும், அது ஒட்டியிருக்கும் பெரும் பாகத்தின் மேல் வெட்டாகச் செயல்படும் என்பதே இந்நிகழ்வு கற்பிக்கும் பாடம். கொக்கியில் அடையாளத் தகடு தொங்கவிட வளையம் பற்றவைப்பதும், கிரேனின் உத்திரத்தில் மின்கம்பி செல்லக் கிளிப் பற்றவைப்பதும் இவ்வகைத் தவறுகளே.

முறிந்த முகம் கூறும் வரலாறு

சோர்வினால் முறிந்த பாகத்தின் முகத்தை உற்றுநோக்கினால், ஒரு புள்ளியைச் சுற்றி வளைவான கோடுகள் அடுக்கடுக்காகத் தெரிவதுண்டு. கடற்கரை மணலில் வற்றும் அலை விட்டுச்செல்லும் கோடுகளை அவை ஒத்திருக்கும். இயந்திரம் ஓடியும் நின்றும் வந்த நாட்களின் பதிவுகள் அவை. கோடுகள் சுருங்கிச் சென்று சேரும் புள்ளியே விரிசல் பிறந்த இடம். பெரும்பாலும் அங்கே ஒரு கீறலோ துருக்குழியோ பற்றவைப்பின் ஓரமோ இருக்கும். கோடுகளற்ற சொரசொரப்பான பகுதி, இறுதியில் ஒரே நொடியில் முறிந்தது. ஆகவே விபத்துக்குப் பின் உடைந்த துண்டுகளைக் குப்பையில் எறிவதும், பொருந்துகின்றனவா எனப் பார்க்க ஒன்றோடொன்று தேய்ப்பதும் கூடாது. உலர்ந்த தாளில் சுற்றிப் பாதுகாத்து, பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அடுத்த விபத்தைத் தடுக்கும் சான்று அதில் உள்ளது.

உடலுக்குள் இருக்கும் உலோகம்

எலும்பும் சோர்வடையும். நெடுந்தொலைவு நடந்த படைவீரர்களின் பாதங்களில் வலியும் வீக்கமும் தோன்றுவதைப் பிரசியப் படை மருத்துவர் பிரைத்தாப்ட் 1855ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். அவை நுண்முறிவுகள் எனப் பின்னர் ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. ஆனால் எலும்பு உயிருள்ளது. போதிய ஓய்வு கிடைத்தால் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. உலோகத்துக்கு அத்தன்மை இல்லை. எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் அதில் தோன்றிய விரிசல் ஆறுவதில்லை.

எலும்பு முறிவுக்குப் பொருத்தப்படும் தகடு, திருகாணி, உட்கம்பி ஆகியன துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியக் கலவையால் ஆனவை. எலும்பு கூடும் வரை தாங்கி நிற்கும் தற்காலிகப் பாலங்களே அவை. வழக்கமான அளவு நடக்கும் ஒருவர், ஒவ்வொரு காலிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அடிகள் வைக்கிறார். எலும்பு கூடிவிட்டால் பாரத்தை அதுவே ஏற்றுக்கொள்ளும். கூடுவது தாமதமானால் முழுப் பாரமும் தகட்டின் மேல் விழும். அப்போது தகடு, முறிவை ஒட்டிய திருகாணித் துளையின் ஓரத்தில் முறிவதே வழக்கம். துளையின் ஓரத்தில் தகைவு கூடும் என மேலே கண்ட அதே விதிதான் இங்கும் செயல்படுகிறது. அறுவை சிகிச்சையின்போது மருத்துவர்கள் தகட்டைக் கீறலின்றிக் கையாள்வதும், ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைப்பதைத் தவிர்ப்பதும் இதன் பொருட்டே.

தினக்கூலியில் குடும்பம் நடத்துவோர், வலி குறைந்தவுடன் வேலைக்குத் திரும்ப விரும்புவது இயல்பு. வலி குறைவது எலும்பு கூடியதற்கான அறிகுறியன்று. தகடு நன்கு தாங்குவதற்கான அறிகுறி மட்டுமே. தகடு முறிந்தால் மீண்டும் அறுவை சிகிச்சையும் பல மாத ஓய்வும் தேவைப்படும். எனவே,

• மருத்துவர் கூறும் வரை காலில் முழு எடை ஊன்றக் கூடாது. ஊன்றுகோல் அல்லது நடைச்சட்டகத்தைத் தாமாகவே கைவிடக் கூடாது.
• குறித்த நாளில் ஊடுகதிர்ப் படம் எடுத்து, எலும்பு கூடியுள்ளதை உறுதி செய்த பின்னரே பாரம் தூக்குதல், ஏணி ஏறுதல் போன்ற வேலைகளுக்குத் திரும்ப வேண்டும்.
• புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனை அறவே நிறுத்த வேண்டும். நீரிழிவு உள்ளோர் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருத்தல் வேண்டும்.
• பொருத்திய இடத்தில் திடீர் வலி, புதிய வீக்கம், வளைவு, "டக்" என்ற ஓசை, கால் ஊன்ற இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ சீழோ இருப்பின் காலம் தாழ்த்தவே கூடாது.

ஓய்வுக் காலத்தில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உள்ளோருக்கு நோய்க்காலப் பணப்பயன் உண்டு. பணியின்போது நேர்ந்த காயமெனில் அதற்கெனத் தனிப் பயன்களும் உண்டு. தமது காப்பீட்டு எண்ணையும் விபத்துப் பதிவையும் தவறாமல் பாதுகாத்து வைத்தல் நலம்.

பணியிடத்தில் செய்ய வேண்டியவை

• பணி தொடங்கும் முன் கொக்கி, ஷேக்கிள், சங்கிலி, கம்பி வடம் ஆகியவற்றைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் வண்ணப்பூச்சும் விரிசலை மறைக்கும்.
• துளையின் ஓரம், மூலை, கழுத்து, திருகின் முதல் மரை, பற்றவைப்பின் ஓரம் ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். மெல்லிய கோடாகத் துரு கசிந்திருந்தால் அங்கே விரிசல் உள்ளதாகவே கொள்ள வேண்டும்.
• சந்தேகம் எழுந்தால் அப்பாகத்தைப் பணியிலிருந்து விலக்கி, மேற்பார்வையாளரிடம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். சாயம் ஊடுருவும் சோதனை, காந்தத்துகள் சோதனை, மீயொலிச் சோதனை ஆகியவற்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் கண்டறியலாம்.
• பாதுகாப்பான பாரத்தின் அளவு ஒவ்வொரு தூக்கும் கருவியிலும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த நெறிப்படி, தூக்கும் இயந்திரங்கள், சங்கிலிகள், வடங்கள் ஆகியவை தகுதி பெற்றவரால் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும், மின்தூக்கிகள் 6 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகப் பரிசோதிக்கப்பட வேண்டும்.
• முறையான பரிசோதனை நடைபெறாத இடங்களைப் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலர்களிடம் தெரிவிக்கலாம்.

செய்யக் கூடாதவை

• தூக்கும் கருவிகளில் எதையும் பற்றவைக்கவோ, துளையிடவோ, உளியால் குறியிடவோ கூடாது.
• விரிசலின் மேல் பற்றவைத்து மூடக் கூடாது. மேலே மூடப்பட்டாலும் விரிசலின் முனை உள்ளே அப்படியே இருக்கும்.
• வளைந்த கொக்கியையோ போல்ட்டையோ நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
• தரம் தெரியாத பழைய போல்ட்டைக் கிடைத்த இடத்தில் மாட்டக் கூடாது.
• தூக்கிய பாரத்தின் கீழே எந்தக் காரணத்துக்காகவும் நிற்கவோ நடக்கவோ கூடாது. சோர்வு முறிவு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி நொடியில் நிகழ்வது. விலகி ஓட நேரம் இராது.

விபத்து நேர்ந்தால்

முதலில் இயந்திரத்தை நிறுத்தி, இரண்டாவது பாரம் விழாதவாறு இடத்தைப் பாதுகாப்பாக்க வேண்டும். உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். குருதி கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடலில் குத்தி நிற்கும் உலோகத் துண்டைப் பிடுங்கக் கூடாது. அது அசையாதவாறு சுற்றிலும் துணி வைத்துக் கட்ட வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தவரையும், முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரையும் தேவையின்றி அசைக்கக் கூடாது. விரல் துண்டிக்கப்பட்டிருந்தால், அதனைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு இறுக மூடி, அப்பையைப் பனிக்கட்டி உள்ள கலத்தில் வைத்து நோயாளியுடன் அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேரடியாக விரலில் படக் கூடாது.

நிறைவாக

முன்னுரையில் கூறிய தொழிலாளருக்கு இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன. உடன் வந்தவர் எழுப்பிய வினா நியாயமானது: நேற்று அதிகப் பாரம் தாங்கிய கொக்கி இன்று குறைந்த பாரத்தில் ஏன் முறிந்தது? நேற்று தூக்கிய பாரமும் அதற்கு முந்தைய நாட்களின் பாரங்களும் சேர்ந்தே விரிசலை வளர்த்தன என்பதே விடை. நேற்று தாங்கியது என்பது இன்றும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது.

விரிசல் ஒரே நாளில் தோன்றுவதில்லை. அது வளரும் காலம் முழுவதும், பார்ப்பவர் எவரேனும் இருந்தால் பார்க்கக்கூடிய நிலையிலேயே இருக்கிறது. பணி தொடங்கும் முன் கொக்கியைத் துடைத்துப் பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும். துருக்கோடு ஒன்றைக் கண்டு வேலையை நிறுத்தச் சொல்லும் தொழிலாளரை, வேலையைத் தாமதப்படுத்துபவராகக் கருதாமல், உடன் பணிபுரிவோரின் கைகளையும் உயிரையும் காப்பவராக நிருவாகம் மதித்தல் வேண்டும்.